அரை விரல் தண்ணீர்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் டெல்சி. தூத்துக்குடியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கடல் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பவள். சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் பொன்னுலிங்கம். உப்பளத்தில் முப்பத்து நாலு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். தன்னில் பாதி வயசுக்காரியிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

முதல் நாள் அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. மணல் இவ்வளவு, பாறை இவ்வளவு, கோமாளி மீன் இரண்டு என்று யாரோ சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

“இதெல்லாம் வேணும்மா. மீனை இன்னைக்கே கொண்டு போறேன்.”

“தொட்டியில எப்பம் தண்ணி ஊத்துனீங்க அண்ணாச்சி?”

“இனிமேத்தான் ஊத்தணும்.”

“அப்பம் மீன் கெடையாது.”

பொன்னுலிங்கம் நகரவில்லை. காகிதத்தை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சொன்னார்.

எழுதியது அவருடைய ஒரே மகன் இசக்கிராஜா. ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். மூன்றாம் நாள் புறவழிச்சாலையில் அவனையும் அவன் பைக்கையும் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. அதோடு அவன் அம்மா சொர்ணம் படுத்துவிட்டாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தவள்தான். வாயில் ஊட்டினால் விழுங்குவாள், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எழுப்பி உட்கார வைத்தபோது காலித் தொட்டியைப் பார்த்து, “அதுல மீன் விடணும்னான்” என்றாள். அதற்குப் பிறகு ஒரு சொல் கிடையாது.

“மீன் ஓடுறதைப் பாத்தா எந்திரிப்பாம்மா. எனக்கு வேற ஒரு வழியும் தெரியல.”

டெல்சி உள்ளே போனாள். மூன்று கேன் கடல் தண்ணீர், ஒரு மூட்டை மணல், சிமெண்டும் சிப்பித்தூளும் சேர்த்து அவளே வார்த்த நாலு பாறை எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக, செய்தித்தாளில் பொதிந்த ஒரு சின்னப் பொட்டலம். பொன்னுலிங்கம் பிரித்துப் பார்த்தார். சந்தையில் வாங்கிய இறால், ஒன்றே ஒன்று, உயிரில்லாதது.

“இதை முதல்ல தொட்டியில போடுங்க.”

“எதுக்கு?”

“அழுகட்டும்.”

அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. “செத்த வீட்டுல இருந்து வாறேன் தாயி. உயிரு கேட்டா, செத்ததைக் குடுக்குறியே.”

“அழுகுறதைத் தின்னுறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரணும். அது வளந்தாத்தான் மீனோட கழிவு மீனைக் கொல்லாது. அஞ்சாறு வாரம் ஆகும். நாலு நாளைக்கு ஒருக்க ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டாங்க. நான் பாத்துச் சொல்லுதேன்.”

இறால் அழுகியது. கூடமெல்லாம் நாற்றம். துக்கம் கேட்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த மனுஷனுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று வாசலிலேயே முடிவு கட்டிப் போனார்கள். அந்த நாற்றம் சொர்ணத்தை எட்டியதாகவே தெரியவில்லை.

பொன்னுலிங்கம் பாட்டிலோடு போவதும் வருவதுமாக இருந்தார். டெல்சி அந்தத் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பாள். பச்சை நிறம் வந்தால், விஷம் இன்னும் இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்குவாள். பச்சைதான் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் அவர் கொட்டகையில் நின்று கத்திவிட்டார். “அவ கையெல்லாம் குச்சியா போச்சு. உன் தண்ணி ஆகுறதுக்குள்ள அவ போயிட்டான்னா, மீனை நான் யாருக்கு விட?”

டெல்சி அவர் கொண்டுவந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். தன் தொட்டியிலிருந்து ஒரு குட்டிக் கோமாளியைக் கோரி அதில் விட்டாள். ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக அது ஒரு சுற்று சுற்றியது. அடுத்த சுற்றில் சாய்ந்தது. செவுள் படபடவென்று அடித்தது. வாயைத் திறந்தபடி மேலே வந்து காற்றைக் கவ்வியது.

பொன்னுலிங்கத்தால் பார்க்க முடியவில்லை. “எடும்மா, எடு!”

வலை அவள் கையில் தயாராகத்தான் இருந்தது. குட்டியைப் பழைய தொட்டிக்கு மாற்றினாள். அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“இதையா மைனிக்குக் காட்டப் போறீங்க?” என்று கேட்டாள்.

அவர் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவசரப்படுத்தவில்லை.

ஆறாவது வாரம் பச்சை வரவில்லை. டெல்சி இரண்டு மீன்களைப் பையில் கட்டித் தந்தாள். கூடவே, சின்னக் கல்லில் ஒட்டிய மென்பவளம் ஒன்று. தண்ணீரில் பூப்போல விரியும். “கடல்ல பிடுங்குனது இல்ல. இங்கயே வளத்தது” என்றாள். கடலில் பவளத்தைத் தொடுகிறவர்கள் பெயரைச் சொன்னாலே அவளுக்குக் கோபம் வரும்.

அன்று மத்தியானம் பொன்னுலிங்கம் மீனை விட்டார். பிறகு சொர்ணத்தின் தோளைத் தொட்டு, “ஏளா, கொஞ்சம் திரும்பிப் பாரேன்” என்றார். அவள் திரும்பவில்லை. அவர் திண்டாடிப் போனார். மனசு உடைந்து அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார். எவ்வளவு நேரம் நின்றாரோ, கூடத்தில் முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

சொர்ணம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் ஒரு விரலை வைத்திருந்தாள். ஒரு மீன் அந்த விரலை முகர்ந்து பார்த்தது.

“இதுக்குப் பசிக்காதா?” என்றாள்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

அன்றிலிருந்து மீனுக்குத் தீனி போடுவது அவள் வேலை. மூன்றாம் நாள் அடுப்பு பற்ற வைத்தாள். பத்தாம் நாள் தலைக்குக் குளித்தாள். பாதித் தட்டுச் சோறு உள்ளே போனது. கத்திரி வெயில் காலம் ஆனதால், தண்ணீர் சுடக் கூடாது என்று பொன்னுலிங்கம் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு மேலே காற்றாடி வைத்தார். தினமும் அரை விரல் தண்ணீர் வற்றியது. அதைத் தினமும் அவரே நிரப்பினார். பையனுக்குச் செய்வதாக நினைத்து, ஒரு நாள் தவறாமல் செய்தார்.

இருபதாம் நாள் காலையில் பவளம் விரியவில்லை. ஒரு மீன் மணலில் செத்துக் கிடந்தது. சொர்ணம்தான் முதலில் பார்த்தாள். அவள் கூச்சல் போடவில்லை. கையிலிருந்த தீனி டப்பாவை மூடி வைத்துவிட்டு, உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

பொன்னுலிங்கம் சட்டை மாட்டக்கூட நிற்காமல் துண்டோடு வண்டியை எடுத்தார்.

“ஒன்னு செத்துட்டு. இன்னொன்னு சாஞ்சு கெடக்கு. அதுவும் போயிட்டுன்னா இவளும் போயிருவா. நான் என்ன தப்புச் செஞ்சேன்? நீ சொன்னதுல ஒரு எழுத்து மாறலியே!”

டெல்சி அவர் வண்டியிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். மீன் ஒரு பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

“அண்ணாச்சி, அளத்துல தண்ணியில உப்பு எவ்வளவுன்னு பாக்க டிகிரிக் கோல் வச்சிருப்பீங்களே, இருக்கா?”

பரணிலிருந்து எடுத்து வந்தார். அடியில் குண்டு வைத்த கண்ணாடிக் குழல். அவரே அதைத் தொட்டியில் மிதக்க விட்டார். அவரே குனிந்து படித்தார். மறுபடி படித்தார்.

“அஞ்சு டிகிரிக்கு மேல காட்டுது.”

“கடல் எவ்வளவு?”

“மூணு, மூணரை.”

“வத்துனதுக்கு என்ன ஊத்துனீங்க?”

“கடல் தண்ணிதான். இது கடல் மீன்லா?”

டெல்சி விளிம்பில் பூத்திருந்த உப்பைப் பார்த்தாள். “உப்பளத்துக்காரருக்கு இதைச் சொல்லணுமான்னு விட்டுட்டேன். அது என் தப்பு” என்றாள். பிறகு கேட்டாள், “அளத்துல பாத்தித் தண்ணி வத்துனா என்ன செய்வீங்க?”

“திரும்பத் தண்ணி பாய்ச்சுவோம்.”

“எதுக்கு?”

“உப்பு ஏறுறதுக்கு...”

வாயிலிருந்து வந்த சொல் காதில் விழுந்ததும் அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் செய்ததையே கை செய்திருக்கிறது. வெயிலில் போவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே கிடக்கிறது என்று ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தெரிந்தே கூடத்தில் ஒரு பாத்தி கட்டியிருக்கிறார், அதில் மகன் ஆசைப்பட்ட மீனை விட்டு.

“இனிமே குடிக்கிற கேன் தண்ணி ஊத்துங்க. உப்பு இல்லாத தண்ணி” என்றாள் டெல்சி.

“முடியாதும்மா.”

அவள் அவரைப் பார்த்தாள்.

பொன்னுலிங்கம் தலை நிமிராமல் பேசினார். “நான் ஊத்துனது வெறும் கடல் தண்ணி இல்ல. அவன் அஸ்தியக் கரைச்ச எடம் இருக்குல்லா, தெனமும் விடியக்காலம் அங்க போயி, நெஞ்சளவுல எறங்கி தண்ணி மோந்துட்டு வருவேன். அவகிட்டகூட சொல்லல. அரை விரல் வத்துனா, ஏதோ அவனே கொஞ்சங் கொஞ்சமா போறாப்ல இருக்கும். போன அளவுக்கு அவனைக் கொண்டாந்து ஊத்துவேன். பாதகத்தி, இப்ப அதுதான் விஷம்னு சொல்லுத. நான் அவன் இல்லாத தண்ணிய ஊத்த ஆரம்பிச்சா, இருக்குறதும் போயிராதா?”

டெல்சி தொட்டியில் மிதந்த கோலை எடுத்தாள். தன் சேலை நுனியில் துடைத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“வெயிலுக்கு உப்பு போயி எப்பமாவது பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?”

அவர் மூடிய கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

டெல்சி ஒரு சொம்பை எடுத்து, நல்ல தண்ணீருக்கு இடம் விட, தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வெளியே வைத்தாள். மீன் அசைந்தது. நிமிரவில்லை.

உள்ளே பாய் சரசரத்தது. அஸ்தி என்ற சொல் விழுந்தபோதே சொர்ணம் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வெளியே இருந்த சொம்பைப் பார்த்தாள். குனிந்து அந்தத் தண்ணீரில் விரல் நுனியை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அடுப்படிக்குப் போய், கேன் தண்ணீர் நிரப்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் முழுத் தெம்பு வராதவள், அவ்வளவு கனத்தையும் எப்படித் தூக்கினாளோ.

தொட்டி ஓரத்தில் குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி டெல்சியைப் பார்த்தாள்.

“முழுசையும் ஊத்திரவா?”

“ஒரு சொம்பு போதும் மைனி. மெதுவா. உப்பை ஒரே நாள்ல எறக்கினா மீன் தாங்காது.”