யாருக்கு எதிராக

இசைப்பள்ளி கொடுத்த கௌரவப் பட்டத்தை இசைப்பள்ளியே பிடுங்கிக்கொண்டது. ஒசாகாவில் ஒரு நிலவறை அரங்கில், டிரம் வாசிப்பவன் ஒருவனோடு சேர்ந்து, யாரும் எழுதிவைக்காத இசையைத் தன் தந்திக் கருவியான கோட்டோவில் வாசித்ததுதான் கயானோ செய்த குற்றம்.

"பதிமூன்று தந்திகளையும் அசிங்கப்படுத்திவிட்டாய்" என்றார் பள்ளித் தலைவர் கட்சுரா. எல்லா மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி ஆயுளை அந்தப் பள்ளியில் கழித்தவள் அவள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கோட்டோவைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக மிட்சுவேயிடம் போனாள்.

மிட்சுவே அவளைவிடப் பத்து வயது இளையவள். அதே பள்ளியிலிருந்து எப்போதோ வெளியேறி, சாக்ஸபோன்காரர்களோடும் மின்னணுக் கருவிக்காரர்களோடும் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"குருவே, அந்த ஆளுக்கு வயிறு எரிய வேண்டும். அப்படி வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்."

"வாசித்துக் காட்டுங்கள்."

மீட்டுவதற்காக விரல்களில் மாட்டியிருந்த நகங்களைக் கழற்றி எறிந்தாள் கயானோ. தந்திகளை உள்ளங்கையால் அறைந்தாள். அவற்றைத் தாங்கும் சின்ன மரக் குதிரைகளைத் தள்ளிவிட்டுச் சுருதியைக் கலைத்தாள். அடித்தந்தியைக் கதறக் கதற இழுத்தாள். முடித்தபோது மூச்சு வாங்கியது. விரல் நுனியில் ரத்தம்.

மிட்சுவே கோட்டோவைத் தன் பக்கம் இழுத்தாள். குதிரைகளை நிறுத்தி, கட்சுராவின் பள்ளியில் முதலாண்டுக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் பாடத்தை வலக்கையால் மெல்ல வாசித்தாள். இடக்கையால் கயானோ அறைந்த அதே வரிசையில் தரையை அறைந்தாள். பாடம் எங்கெல்லாம் மூச்சு விட்டதோ, அங்கெல்லாம் பிசகாமல் அறை விழுந்தது.

கயானோவின் முகம் சிவந்தது. "என் கோபம்கூட அவருடையதா?"

"இன்னும் அவர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்."

"அப்படியானால் கோபத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா?"

"நான் அப்படிச் சொல்லவில்லையே."

கயானோ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் வந்தாள். சண்டை போட்டுக்கொண்டே அந்தக் கோடை முழுக்க வந்துகொண்டிருந்தாள்.

இலையுதிர் காலத்தில் கியோட்டோவில் இருவருக்கும் சேர்த்து ஒரு கச்சேரி. திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கயானோவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. முன்வரிசையில் கட்சுரா, தன் மாணவர்களோடு.

"வந்திருக்கிறார். இன்று நான் விடப்போவதில்லை."

மிட்சுவே மேடைக்கு நடந்தாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். கயானோ கையை ஓங்கினாள். முதல் ஒலி எழும் முன்னே கட்சுரா எழுந்தார்.

"இவள் வாசிப்பதைக் கேட்க நான் வரவில்லை" என்றார், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "நான் எழுந்து போவதை இவள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்."

மாணவர்களும் எழுந்தார்கள். முன்வரிசை காலியானது. கதவு சாத்திக்கொண்டது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. எத்தனையோ நாளாகச் சேர்த்துவைத்த அறைகளை வாங்கிக்கொள்ள இப்போது ஆளில்லை. பின்வரிசைகளில் மீதமிருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"போய்விட்டார்." பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள் கயானோ. "இனி நான் யாருக்கு எதிராக வாசிப்பது?"

மிட்சுவே தன் கோட்டோவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இப்போது தொடங்கலாம்" என்றாள்.