வலக்கையால் பிடித்த மஞ்சள் பிள்ளையார்

அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையைப் பெருக்கித் துடைப்பது செங்கமலத்தம்மையாரின் வேலை. அது முடிந்த கையோடு, வளாகத்து வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அருகம்புல் சாத்துவார். ஒரே மகனைப் பாம்புக்குப் பறிகொடுத்தவர் அவர். "இன்னுமா அந்தக் கல்லைக் கும்பிடறே?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேட்டால், "அவனை விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே போவார். என்ன மனசு ஐயா அது!

அந்த அறைக்கு, வார்டில் தங்கியிருந்த பூவிழி என்ற சிறுமி வந்தாள். கடலைக்கொடி பிடுங்கும்போது அவள் வலக்கையில் விரியன் கடித்திருந்தது. உயிர் பிழைத்துவிட்டாள், ஆனால் புண் ஆறிய தழும்பு விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மடக்கி விரித்துப் பழக்காவிட்டால் கை அப்படியே இறுகிவிடும் என்றார் பிசியோதெரபி டாக்டர். தொடவிட்டால்தானே! விரலைத் தொட்டாலே ஊரைக் கூட்டினாள். தகப்பன் ஏழுமலைக்கு மனசு தாங்கவில்லை.

"உசுரு பொழச்சதே போதும், ஆயா. சதுர்த்தியன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அம்மையார் துடைப்பத்தைக் கீழே போட்டார். நேரே பிள்ளையாரிடம் போய்ச் சண்டை பிடித்தார். "என் புள்ளையத்தான் கைவிட்டுட்டே. இது கையையாவது பாரேன்!" பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மஞ்சள்தூளைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துவந்தார்.

"சாமி பிடிக்கலாம், வா கண்ணு."

பூவிழி இடக்கையை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள். "பீச்சாங்கையால சாமி பிடிக்கக் கூடாதுல்ல, ஆயா?"

அம்மையார் மஞ்சளை அவள் வலக்கைப் பக்கம் நகர்த்தி வைத்தார். சிறுமி உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, வலக்கையால் மஞ்சளை அழுத்தினாள்.

பிறந்தது ஒரு கோணல் உருண்டை. "பிள்ளையாரா, கொழுக்கட்டையா?" என்று வார்டே சிரித்தது. அம்மையாரோ அதை வேப்பமரத்தடியில் வைத்து விழுந்து கும்பிட்டார். அன்றுமுதல் நாளும் ஒரு பிள்ளையார் பிறந்தார். டாக்டரையும் பிள்ளை விரலைத் தொடவிட்டாள். பிடிக்க வந்தது, விரிக்கத்தான் வரவில்லை.

சதுர்த்தியும் வந்தது. ஏழுமலை பையைக் கட்டிக்கொண்டு நின்றார். மரத்தடிப் பூஜைக்கு வந்த குருக்கள் பிடித்த மஞ்சள் பிள்ளையார், தண்ணீர் அதிகமாகிச் சரிந்துவிட்டார்.

"இவர் இப்படிப் படுத்துண்டா நான் எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

அம்மையார் பூவிழியின் பிள்ளையாரை நீட்டினார். அதில் பதிந்திருந்த சின்ன விரல் தடங்களைக் குருக்கள் பார்த்தார். "இவருக்கே முதல் பூஜை" என்று எடுத்து வைத்தார்.

பூஜை முடிந்தது. "சாமி பிடிச்ச குழந்தைக்குத்தான் முதல்ல" என்று குருக்கள் சுண்டலை அள்ளினார். பூவிழி யோசிக்கவே இல்லை. பிரசாதம் வாங்க வலக்கையை நீட்டிவிட்டாள். விரல்கள் முழுதாக நிமிரவில்லைதான். ஆனால் சுண்டல் சிந்தாத அளவுக்கு உள்ளங்கை விரிந்திருந்தது.

ஏழுமலை பையைக் கீழே வைத்தார். "ஆயா, முழுசா சரியாகட்டும். அப்புறமாப் போறோம்."

"கேட்டுட்டியாடா, என் கள்ளா!" என்று பிள்ளையாரைப் பார்த்து அழுதார் அம்மையார்.

இப்படி ஓர் அடியார் வாய்த்தாரே, அந்தப் பிள்ளையார்தான் கொடுத்துவைத்தவர்!