வீணாகப் போகிற தண்ணீர்

"அம்மா, எனக்குப் பொறுக்கலை," என்றார் கலியமூர்த்தி. "கண்ணெதிர்ல தண்ணி வீணா கடலுக்குப் போகுது."

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கடல் என்ன சொல்லுது?"

"கடல் என்னம்மா சொல்லும்? எல்லாம் கடல்ல கரைச்ச பெருங்காயம்தான்."

"போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, ஐயா."

கலியமூர்த்தி போகவில்லை. முப்பத்து நான்கு வருடம் பாசன ஓவர்சியராக இருந்தவர் கடலிடம் போய் யோசனை கேட்பாரா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதர். வேலையும் முடிந்து, மனைவியும் போன பிறகு, ஞானம் தேடி இந்த மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். குருவான மடத்தம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

திருச்சியில் அகன்று கிடக்கும் காவிரி, பிரிந்து பிரிந்து, ஊர் ஊராகக் கொடுத்துக் கொடுத்து, இந்த மடத்துப் பக்கம் வரும்போது ஓர் எருமை குறுக்கே படுத்தால் அடைபடும் வாய்க்காலாக ஆகியிருக்கும். அதற்கப்புறம் ஒரு மைலில் கடல்.

மடத்துக்கு மூன்று மா நிலம். அதில் விளையும் நெல்தான் மாசி மகத்தன்று வரும் ஐந்நூறு பேருக்குச் சோறு.

அந்த வருடம் மார்கழி பிறந்ததும் மழை நின்றுவிட்டது. பயிர் பொதி கட்டி, உள்ளே கதிர் திரளும் நேரம்.

"நெல்லு என் பொறுப்பு," என்று கலியமூர்த்தி ஊரறிய வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆருத்ரா தரிசனத்துக்கென்று சிதம்பரம் போன மடத்தம்மா ஒரு மாதம் திரும்பவில்லை.

அவர் போன மறுநாளே கலியமூர்த்தி மண்வெட்டியை எடுத்தார்.

மூங்கில் நட்டு, தென்னமட்டை அடுக்கி, சேறு அப்பி, மூன்றே நாளில் வாய்க்காலின் குறுக்கே அணை எழுந்துவிட்டது. வயலோரத்தில் மண் தோண்டியபோது இடுப்பு ஆழத்தில் கடல் சிப்பிகள் கொத்துக் கொத்தாக வந்தன. வயலில் ஏது சிப்பி என்று அவர் யோசிக்கவில்லை. அணைக்கு நல்ல பிடிப்பு என்று அதையும் சேர்த்து அப்பினார்.

ஒரு சொட்டு கீழே போகவில்லை. அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

தையில் மடத்தம்மா திரும்பி வந்தபோது கதிர் பால் பிடித்திருந்தது. கலியமூர்த்தி அவரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார்.

"இன்னும் ஒரே ஒரு தண்ணிம்மா. நெல்லு வீடு வந்துடும்."

"அழகா இருக்கு, ஐயா," என்றார் மடத்தம்மா.

அப்போது கரையோடு ஒரு பெண் குடத்துடன் வந்தாள். கடலோரக் குப்பத்து மாரிக்கண்ணு. மடத்துக்குத் தண்ணீர் கேட்டு அவள் ஒருநாளும் வந்ததில்லை.

"ஒரு குடம் தண்ணி குடுங்கம்மா."

"உங்க ஊத்து என்னாச்சு?"

"கரிக்குதும்மா, பத்து நாளா. புள்ளைங்க வாயில வெச்சுட்டுத் துப்புதுங்க. ஆத்துல ஒரு இறால் ஏறி வரல. கடல்தான் ஏறி வந்துருக்கு. இந்தா, இவரு அணை வரைக்கும் வந்து நிக்குது."

கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது.

"கடல்ல உப்பு நானா போட்டேன்?" என்றார்.

மடத்தம்மா வேலியில் சாத்தியிருந்த மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு அணையின் கீழ்ப்பக்கம் இறங்கினார். அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"வாங்க, ஐயா."

கலியமூர்த்தி இறங்கினார். மடத்தம்மா அவரை அணைக்கு முதுகு காட்டி நிறுத்தி, கழியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, கடல் பக்கமாக நின்றார்.

"நான் தள்றேன். நீங்களும் தள்ளுங்க."

இருவரும் தள்ளினார்கள். கழி இப்படியும் போகவில்லை, அப்படியும் போகவில்லை. கலியமூர்த்திக்கு நெற்றியில் வியர்த்தது.

"கழி நகர்ந்துச்சா?"

"இல்லைம்மா."

"இம்புட்டு நேரம் தள்ளி என்ன கண்டீங்க? பலமெல்லாம் வீணாத்தானே போகுது?"

"வீணுதான்."

"அப்ப நிறுத்திக்குங்க."

கலியமூர்த்தி நிறுத்தினார்.

மடத்தம்மா நிறுத்தவில்லை.

கலியமூர்த்தி பின்னால் போய்த் தன் அணையிலேயே மோதி, சேற்றில் உட்கார்ந்தார். தெறித்த தண்ணீர் வாய்க்குள் போயிற்று. கரித்தது.

மாரிக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுந்திருக்க அவர் அணையைப் பற்றினார். சேறு கையோடு வந்தது. அதற்குள் ஒரு சிப்பி.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயல்ல ஏதும்மா கடல் சிப்பி?" என்று மெல்லக் கேட்டார்.

"இது கடலோட பழைய வீடு, ஐயா."

கலியமூர்த்தி வயலைப் பார்த்தார். கடல் இருந்த திசையைப் பார்த்தார். மாரிக்கண்ணுவின் இடுப்பிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடமும் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவரை வெட்கப்படுத்தியது.

"அந்த மண்வெட்டிய எடு தாயி," என்றார்.

மாரிக்கண்ணு எடுத்துக் கொடுத்தாள்.

மண்வெட்டியை ஓங்கியவர் ஒரு கணம் நின்றார். மாசி மகமும் ஐந்நூறு இலைகளும் கண்முன் வந்து போயின.

"கதிருக்கு இன்னும் ஒரு தண்ணி வேணும்னீங்களே, ஐயா?" என்றார் மடத்தம்மா.

கலியமூர்த்தி வெட்டினார். தண்ணீர் அவர் கால்களைத் தாண்டிக் கிழக்கே ஓடியது.

"அந்தத் தண்ணிக்கு வேற வேலை இருக்கும்மா."