கமிஷனர் சொன்ன ஒரே வார்த்தை

சேனல் தலைவர் மார்த்தாண்டனுக்கு யாரையும் போய்ப் பார்த்துப் பழக்கமில்லை. "வரச்சொல்" என்பார், வந்து நிற்பார்கள். அன்று வந்து நின்றவள், துப்பறியும் தொடருக்கு வசனம் எழுத உதவும் செங்கமலம்.

"நம்ம தொடரோட ஹீரோ துரையரசன் இன்னும் எத்தனை காலம் இன்ஸ்பெக்டராவே அலைவான்? கமிஷனராக்கிடு. ஆனா ஜனங்க அவன்மேல வச்ச பாசம் இம்மியும் குறையக்கூடாது. குறைஞ்சா, நீ வேற வேலை பார்த்துக்க."

மறுநாள் செங்கமலம் காட்சியை வாசித்தாள்.

"பிள்ளையைக் காணோம்னு ஒரு தாய் போன்ல அழறா சார். இன்ஸ்பெக்டரா இருந்தப்போ, 'இருங்கம்மா, இதோ வர்றேன்'னு ஓடுவார். இப்போ கமிஷனர் போனைக் கையால பொத்திக்கிட்டு, உதவியாளர்கிட்ட ஒரே வார்த்தை சொல்றார்."

"என்ன சொல்றான்?"

"வரச்சொல்."

தலைவர் முகம் சுண்டிப்போனது. "துரையரசனா அப்படிச் சொல்வான்?"

"அவர் சொல்லமாட்டார் சார். அந்த நாற்காலி சொல்லவைக்கும்."

 தலைவர் மணியை அழுத்தினார். உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"டைரக்டரை..." என்று தொடங்கியவருக்கு அடுத்த வார்த்தை வாயில் வரவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஷூட்டிங் எங்கே நடக்குது? துரையரசன் இன்ஸ்பெக்டராவே இருக்கட்டும்னு நானே போய்ச் சொல்லிடறேன்."