ஆடி கொடுத்த பிணை

விகாரி ஆண்டு, ஆனித் திங்கள் இருபத்தெட்டாம் நாள், வியாழக்கிழமை. மேல்காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மேகம் கூடிக் கூடிக் கலைந்ததே தவிர, ஒரு துளியும் விழவில்லை. அன்று காலையும் வெண்மணல் நாட்டின் அரசர் கோளரிவர்மர் முகாரி கேட்டுத்தான் கண்விழித்தார்.

"எவன் செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

எவனும் சாகவில்லை. அரண்மனை நாகசுரக்காரன் ஐயாறப்பன்தான் வாசித்துக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மருத நாட்டில், தை மாதம் அபயாம்பாளை மணந்தவன் அவன். தாலி கட்டிய கையோடு மனைவியை அழைத்துவர முடியவில்லை. அயல்நாட்டுப் பெண் இங்கே குடியேற வேண்டுமானால் கணவன் மனுக் கொடுக்க வேண்டும்; திருமணம் உண்மையானதுதானா என்று எல்லைக்காவல் அமைச்சர் திருமேனிநாதர் மூன்றாண்டு ஆராய்வார். மனுக் கொடுத்த நாள்முதல் ஐயாறப்பனின் நாகசுரத்திலிருந்து பூபாளம் புறப்பட மறுத்தது. அரசரின் பிறந்தநாளன்றுகூட முகாரியைத்தான் வாசித்தான்.

அரசர் அவனைச் சபைக்கு இழுத்துவரச் செய்தார்.

"மூன்றாண்டும் காத்திருக்கிறேன், அரசே. இடையில் ஒருமுறையாவது அவள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போக அனுமதி கொடுங்கள்," என்று ஐயாறப்பன் கைகூப்பினான்.

அமைச்சர் கனைத்தார். "பார்க்க வருபவள் திரும்பிப் போவாள் என்பதற்கு உறுதி வேண்டும். உன் மனைவியோ உன்னோடு வாழவே விரும்புவதாக மனுவில் நீயே சொல்லியிருக்கிறாய். அவள் எப்படித் திரும்புவாள்?"

"திரும்புவாள், ஐயா! சத்தியமாகத் திரும்புவாள்!"

"கணவனை விட்டுத் திரும்பிப் போகத் துடிப்பவள் என்ன மனைவி? அப்படியானால் திருமணமே பொய். மனுவையும் தள்ளிவிடலாமா?"

  

அப்போது அரசவை விகடர் வாரணவாசி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எழுந்தார்.

"அமைச்சரே, பிணை கொடுத்தால் விடுவீரா?"

"எந்தப் பிணை? நிலமா, மாடா? ஆசை வந்தவள் கறவை மாட்டைக் கட்டுத்தறியிலேயே விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிடுவாள்."

"ஆடி."

"முகம் பார்க்கும் ஆடியா?"

"அதைத் தாங்கள் பார்க்காமலிருப்பதே நலம். நான் சொல்வது, நாலு நாளில் பிறக்கப்போகும் ஆடி. புதுமணப்பெண் ஆடியில் கணவன் வீட்டில் தங்குவாளா?"

"தங்கத்தான் விடுவார்களா? ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், குடி கெடும் என்று மாமியாரே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவாள். நேற்றுத்தான் என் மகளை அழைத்துவரப் பல்லக்கு அனுப்பினேன்."

"அந்தப் பிணை போதுமா?"

அமைச்சர் முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தார். எங்கும் ஓட்டை தென்படவில்லை. "போதும். நாளை அவள் வரட்டும். ஆடி முதல் நாள் காலையில் படகேற வேண்டும். ஏறாவிட்டால் மனு ஆற்றோடு போகும்."

அபயாம்பாள் வந்தாள். அதன்பின் விடிந்த காலைகளில் முகாரி கேட்கவில்லை, பூபாளமும் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. அரசர் உச்சிப்பொழுதுவரை உறங்கினார்.

ஆனியின் கடைசி நாள் மாலையில் ஐயாறப்பன் ஓடிவந்து வாரணவாசியின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, அவளைப் பரணில் ஒளித்துவைத்துவிடட்டுமா?"

"ஒளித்தால், அமைச்சர் சொன்னதை நீயே மெய்யாக்குவாய், மடையா! போகச் சொல். அழாமல் போகச் சொல்லவில்லை, போகச் சொல்கிறேன்."

"போனால் மூன்றாண்டு ஆகுமே, ஐயா!"

"போகாவிட்டால் முப்பதாண்டு ஆகும்."

மறுநாள் ஐயாறப்பனின் தாய், மருமகளின் மூட்டையைத் தானே சுமந்துகொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். "சீக்கிரம் வா, பெண்ணே! அவனைத் திரும்பிப் பார்க்காதே! டேய், நீயும் அவளைப் பார்க்காதேடா!" என்று இருவரையும் விரட்டினாள். படகு போயிற்று. ஐயாறப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டான். துறையில் நின்ற திருமேனிநாதரின் முகம் மலர்ந்திருந்தது.

அன்றே அவர் சபையில் மார்தட்டினார். "அரசே, போய்விட்டாள்! என் சட்டம் வென்றது!"

"கண்ணால் கண்டீரா?" என்றார் வாரணவாசி.

"கண்டேன். மாமியார் விரட்டியதையும் கண்டேன்."

"ஏன் விரட்டினாள்?"

"ஆடி பிறந்துவிட்டது அல்லவா! சித்திரையில் பிள்ளை பிறந்துவிடுமே என்னும் அச்சம்."

"நன்று. இனி மூன்றாண்டு எதை ஆராயப்போகிறீர்?"

"இதென்ன கேள்வி? அத்திருமணம் உண்மையா, பொய்யா என்பதை."

வாரணவாசி அரசரை நோக்கித் திரும்பினார். "அரசே, பொய் மனைவி பிள்ளை பெற்றுவிடுவாள் என்று எந்த மாமியாரும் அஞ்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தாங்கள் கேள்விப்பட்டதுண்டா?"

  அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் காதுவரை சரிந்தது. "திருமேனி, உம்முடைய ஆராய்ச்சி படகுத்துறையிலேயே முடிந்துவிட்டது, ஐயா!" என்று கூறி, மனுவை அப்போதே ஏற்றுக்கொண்டு, தம் கைக்கடகத்தைக் கழற்றி வாரணவாசிக்கு அணிவித்தார்.

ஆவணியின் முதல் முகூர்த்த நாளில் அபயாம்பாள் சீர்வரிசையோடு ஆற்றைக் கடந்து வந்து குடியேறினாள். பங்குனிக் கடைசியில் அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. திருமேனிநாதர் அதே பதவியில் நீடித்தார். மறு ஆண்டு ஆனி மாதத்தில், அக்கரையில் மனைவியரைக் கொண்ட பதினொருவர் ஆடியையே பிணையாக வைத்து அவர்களை அழைத்துவர அவரிடம் மனுக் கொடுத்தனர். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை.