வலது பக்கத்து ஸ்க்ரூ

"இன்னும் எவ்வளவுதான் இறுக்குறது மேடம்? சொல்லித் தொலைங்க!"

கத்தியவர் பல் மருத்துவர் கனகசபாபதி. வயது ஐம்பத்தொன்று. கத்தல் வாங்கியவர் அவருக்கு ஸ்க்ரூ போடக் கற்றுக்கொடுத்த நஸ்ரின். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

நாற்காலியில் ஜெசிந்தா. தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவர். அவருடைய எத்துப்பல்லை உள்ளே இழுக்க, பக்கத்துக்கு ஒன்றாகத் தாடை எலும்பில் குட்டி ஸ்க்ரூ இறக்கியிருந்தார்கள். பல்லில் மாட்டிய கம்பியை இழுக்க அதுதான் பிடிமானம். இடது பக்கம் நின்றது. வலது பக்கம் இரண்டு தடவை ஆடிக் கழன்றுவிட்டது.

"மூணாவதும் விழுந்துச்சுன்னா கம்பியைப் பிடுங்கிப் போட்டிருங்க சார். இந்தப் பல்லோடயே இருந்துட்டுப் போறேன்."

நஸ்ரின் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"எலும்பு நல்ல எலும்பு. வேர்லயும் இடிக்கலை."

"அப்ப என் கைதான் விளங்காத கையா?"

நஸ்ரின் வலது பக்கம் ஈறு சிவந்து வீங்கியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பிரஷ்ஷை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

"எப்பவும் போலத் தேய்ங்க."

கனகசபாபதிக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டால் பிரஷ்ஷா?

ஜெசிந்தா தேய்த்தார். இடது பக்கம் பிரஷ் ஸ்க்ரூவைச் சுற்றிச் சுற்றி வந்தது. வலது பக்கத்துக்கு வந்ததும் மணிக்கட்டு மடங்கவில்லை. ரெண்டே இழுப்பு. துப்பிவிட்டார்.

அழுக்கு தங்கி ஈறு வீங்கித்தான் ஸ்க்ரூ ஆடியிருக்கிறது என்று கனகசபாபதிக்குப் புரிந்தது.

"வலது பக்கத்துக்கு மட்டும் இடது கையால தேய்ங்க," என்றார் நஸ்ரின்.

"பீச்சாங்கையையா? வாய்க்குள்ளயா? நல்லாயிருக்கே நியாயம்!"

"ஆறு மாசம்தாம்மா," என்றார் கனகசபாபதி.

"ஒரு வாரம்."

"ஏலமா விடுறீங்க? அஞ்சு மாசம்!"

"ரெண்டு வாரம். ஞாயித்துக்கிழமை கிடையாது, பூசைக்குப் போகணும்."

"விழட்டும், அதுவும் விழட்டும்!" கனகசபாபதி மேசையில் அடித்தார்.

நஸ்ரின் ஒரு புது பிரஷ்ஷைப் பிரித்து, இடது கையில் பிடித்து, தன் பல்லைத் தேய்க்க ஆரம்பித்தார்.

கனகசபாபதி ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் ஒன்றைப் பிரித்தார். இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நுரை மீசைக்கு ஏறியது.

ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும், விடுங்க. மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கேட்டீங்க, நடக்கிறதே வேற!"

பத்து நாளில் ஈறு ஆறியது. மூன்றாவது ஸ்க்ரூவை இறக்கினார்கள். இன்னொரு சுற்று இறுக்கப் போன கனகசபாபதியின் விரலில் நஸ்ரின் லேசாகத் தட்டினார். கை நின்றது.

மூன்று மாதம் கழித்து கனகசபாபதி இடுக்கியால் ஸ்க்ரூவை ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் ஆட்டினார்.

"கல்லு மேடம்! கல்லு மாதிரி நிக்குது!"

கெடு முடிந்தும் ஜெசிந்தா இடது கையை விடவில்லை. பதினோராம் மாதம் அவர் கண்ணாடி முன் நின்று உதடுகளை மூடினார். விவரம் தெரிந்த நாளிலிருந்து சேராத உதடு, முழுசாகச் சேர்ந்தது.

வெளியே காத்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"டாக்டருக்கு நல்ல கைராசி போலிருக்கே?"

கனகசபாபதி காலரைச் சரிசெய்துகொண்டார்.

"கைராசியேதான்க்கா," என்றார் ஜெசிந்தா, ஏலக்கூடக் குரலில். இடது கையை உயரத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை!"