இரண்டாவது எஸ் வராத வாசல்

அந்தக் காலத்தில், இங்கிலீஷ் எழுத்துகள் எல்லாம் கை காலோடு நடமாடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. வயிறு குலுங்கச் சிரிக்க இதில் ஓர் இடம் இருக்கிறது. அது இப்போது வராது. அதற்கு முன்னால் எஸ் பட்ட பாட்டைக் கேட்டாக வேண்டும்.

சின்ன எஸ்ஸுக்கு இரண்டு வேலை. ஒருவன் பலராகிவிட்டால் அவர்கள் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாய், அதாவது இங்கிலீஷ் பையன், ஒருவனாக இருக்கும்வரை அவளுக்கு ஓய்வு. நாலு பேர் சேர்ந்து பாய்ஸ் ஆனால் ஓடி வர வேண்டும். இன்னொன்று காவல் வேலை. ஒருவனிடம் பந்து ஒன்று இருந்தால், அது அவனுடையது என்று காட்ட, அவன் பெயரை ஒட்டி உயரத்தில் கொக்கி தொங்கும். கொக்கியை அடுத்து, வாசல் காவலாளி மாதிரி, எஸ் நிற்பாள். அப்புறம் அந்தப் பந்தை எவனும் தொட முடியாது.

கொக்கி யார் என்றால், அபாஸ்ட்ரபி என்கிற குறி, கமாவின் உடன்பிறப்பு. கமா தரையோடு கிடக்கும். கொக்கிக்கோ உயரத்தில் தொங்கினால்தான் உயிர். எந்த எழுத்தின் குரலிலும் பேசும். எம் மாதிரி முனகும், ஓ மாதிரி வாய் பிளக்கும்.

ஒருநாள் பாய்ஸ் எல்லோரும் சேர்ந்து ஒரு மட்டை செதுக்கினார்கள். மட்டைக்குக் காவல் வேண்டுமே என்று வேலை பிரிக்கும் மேஸ்திரி வந்தார். அவர் பெரிய ஆர். பெரிய எழுத்துகளுக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு: சின்ன எழுத்துகளைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். குனிந்தால் கௌரவம் போய்விடுமாம். அதனால் மேஸ்திரி வானத்தைப் பார்த்தபடியே பெயர் கூப்பிடுவார், குரலை வைத்து ஆளைக் கணக்கெடுப்பார்.

வாலைப் பிடிக்க ஒரு எஸ் இருக்கிறாள், காவலுக்கு இன்னொரு எஸ் வேண்டும், உன் தங்கச்சியை வரச் சொல் என்றார் மேஸ்திரி.

எஸ்ஸுக்கு உடம்பே நெளிந்தது. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் வாலில் நின்றவர்கள். தங்கச்சிதான் முதன்முதலாக ஒரு சொல்லின் தலையில் நிற்கப் போனவள். அதுவும் சன் என்ற சொல்லில், சூரியனின் பெயரில். நேற்றுதான் சேர்ந்திருந்தாள்.

"அவ வரமாட்டா ஐயா. தலையில நிக்கறவளை இழுத்து வாலுல விட நான் சம்மதிக்க மாட்டேன்."

நாளைக் காலை இரண்டு எஸ் குரல் கேட்கவில்லை என்றால் தங்கச்சியைச் சூரியனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஒற்றைக் காலை முன்னால் நீட்டி நடந்து போனார். அந்த நடையை அப்படியே நடித்துக் காட்டியது கொக்கி. எஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்க்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்க? அவருக்கு வேண்டியது ரெண்டு குரல்தானே. ஆள் இல்லையே" என்றது கொக்கி.

மறுநாள் காலை மேஸ்திரி வந்து வானத்தைப் பார்த்து நின்றார். கொக்கி என்றார். எஸ்ஸுக்கு முன்னால் தொங்கியபடி, இருக்கேன் ஐயா என்றது கொக்கி. வால் எஸ் என்றார். எஸ் சீறினாள். அவள் சீறுகிற சாக்கில் கொக்கி அவள் தலைக்கு மேல் தாவிப் பின்பக்கம் போய்விட்டது. காவல் எஸ் என்றார். பின்னாலிருந்து கச்சிதமாக இன்னொரு சீறல் வந்தது, கொஞ்சம் சளி பிடித்த மாதிரி. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று மேஸ்திரி விசாரித்தார். வெயிலில் நின்னது ஒத்துக்கல ஐயா என்றது கொக்கி, தங்கச்சிக் குரலில்.

இப்படியே பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் மேஸ்திரிக்கு அவசர வேலை.

"ஒவ்வொருத்தரா கூப்பிட நேரமில்ல. மூணு பேரும் ஒண்ணா குரல் கொடுங்க."

எஸ் சீறினாள். கொக்கி பாதிச் சீறலும் பாதி 'இருக்கேன் ஐயா'வுமாக இழுத்து, புரையேறி, இருமியது.

மேஸ்திரி குனிந்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, இடுப்பு முறிகிற சத்தத்தோடு குனிந்தார். அங்கே ஒரே ஒரு எஸ். அவளுக்குப் பின்னால், அடுத்து யாருமே இல்லாமல், அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கொக்கி.

"நல்லா பாருங்க. ஒருத்திதான். ரெண்டாவது ஆள் வந்ததே இல்ல, வரவும் மாட்டா. மட்டை திருடு போச்சா, சொல்லுங்க" என்றாள் எஸ்.

மேஸ்திரி வாயைத் திறக்குமுன் கொக்கி, மேஸ்திரியின் குரலிலேயே, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னது:

"பெரிய ஏ, பெரிய பி, எல்லோரும் வாங்க. நான் குனிஞ்சிருக்கேன்."

மேஸ்திரி விருட்டென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பத்து நாளும் தன்னிடம் யார் சீறினார்கள், யாருக்குச் சளி பிடித்தது என்பதெல்லாம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெளியே சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். குனிந்தேன் என்று சொல்ல வேண்டும். ரெண்டு பேரும் இருக்காங்க, எல்லாம் சரி என்று வானத்திடம் சொன்னார்.

அன்று முதல்தான், வாலில் எஸ் நிற்கும் கூட்டம் ஒரு பொருளைத் தங்களுடையது என்று சொல்லும்போது, கொக்கி அவளுக்குப் பின்னால் போய்த் தொங்குகிறது. இரண்டாவது எஸ்ஸை இன்றுவரை எவராலும் அந்த வாசலுக்குக் கொண்டுவர முடியவில்லை.